உபசாரப் பயிற்சியின் முதற்பாடம்

வந்தவரை வரவேற்று உபசரிப்பது வீட்டில் ஒரு குணமாக இருக்கிறது; ஹோட்டலிலும் ஜவுளிக்கடையிலும் அதுவே மாதச் சம்பளத்துக்குச் செய்ய வேண்டிய உத்தியோகமாகிவிடுகிறது. குணத்தைத் தாய் தகப்பனாரோடு வாழ்ந்து பழகிக் கற்றுக்கொள்கிறோம். உத்தியோகத்தையோ யாராவது ஒருவர் அருகிலிருந்து சொல்லிக் கொடுத்தாக வேண்டும். சொல்லிக் கொடுப்பவர் தமிழர். கற்றுக்கொள்பவர் அஸ்ஸாமிலிருந்தோ ஒடிஸாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ரயிலேறி வந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகாத இளைஞர். இருவருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை ஹிந்தியும் கைஜாடையும் மட்டுமே. இந்த நிலைமையில் அந்தப் பாடம் எப்படி நடக்கிறது, எப்படி நடந்தால் நன்மை உண்டாகும் என்பது, தினமும் ஹோட்டலில் சாப்பிட்டு எழுந்து போகும் நம் எல்லாருக்குமே சம்பந்தமுள்ள விஷயம்.

இந்த நிலைமைக்குக் காரணங்கள் தெளிவாகவே தெரிகின்றன. பிறந்த இடத்தையோ முன்பு வசித்த இடத்தையோ விட்டு வேறிடத்தில் வசிப்பவர்கள் இந்தியாவில் 45 கோடிக்கு மேல் என்று 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு தெரிவித்தது. கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போன பெண்களும் அந்தத் தொகையில் அடக்கம் என்றாலும், பிழைப்புக்காக மாநில எல்லையைத் தாண்டியவர்களின் கூட்டமும் சாமானியமானதன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி பீகாரில் 3.0 ஆகவும் தமிழ்நாட்டில் 1.8 ஆகவும் இருந்தது. உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 2021–22-இல் தமிழ்நாட்டில் 100-க்கு 47. அகில இந்தியச் சராசரியோ 28-ஐச் சற்றே தாண்டியது. பிள்ளைகள் குறைந்து, பிறந்த பிள்ளைகளும் பட்டம் பெற்று வேறு உத்தியோகங்களை நாடிப் போகும் ஒரு மாநிலத்தில், இலை போடவும் தண்ணீர் வைக்கவும் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிமார் அங்கலாய்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அஸ்ஸாமின் திப்ருகட்டில் புறப்பட்டு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கன்னியாகுமரியை அடையும் விவேக் எக்ஸ்பிரஸ் வழியில் சேலத்திலும் கோவையிலும் நிற்கும்போது இறங்குகிற இளைஞர்களைப் பார்த்தாலே, அந்தக் குறை எங்கிருந்து தீர்கிறது என்பது விளங்கிவிடும்.

ஆரம்பத்தில் இவர்களுக்குக் கிடைத்த இடம் அடுக்களையின் பின்புறம். மாவரைப்பதற்கும் காய் நறுக்குவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் பேச்சு அதிகம் வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் காட்டிய திசையில் கை வேலை செய்தால் போதும். ஆனால் முன்கட்டில் பரிமாறிக்கொண்டிருந்த உள்ளூர்ச் சப்ளையர்கள் ஒவ்வொருவராக வேறு பிழைப்புக்குப் போய்விடவே, பின்கட்டில் இருந்தவர்கள் மேஜைக்கு வந்தார்கள். முடிதிருத்தும் நிலையங்களிலும், அழகு நிலையங்களிலும், பெட்ரோல் பங்குகளிலும், பெரிய ஜவுளிக்கடைகளின் மாடிகளிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. கைத்திறனோடு பேச்சுத்திறனும் முகக்குறிப்பும் பொறுமையும் சேர்ந்தால்தான் நடக்கிற வேலைகள் இவை. அந்தக் கூட்டுக்குத்தான் இப்போது மென்திறன் என்று பெயர் சொல்லி, நேரம் ஒதுக்கி, பெரிய ஸ்தாபனங்களில் பயிற்சியாளரையே நியமித்து, வகுப்பு நடத்துகிறார்கள்.

சைவ ஹோட்டல் ஒன்றில் அந்த வகுப்பு பெரும்பாலும் மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்குவதற்கு முன்னுள்ள ஓய்ந்த வேளையில்தான் நடக்கும். துடைத்த மேஜையில் சூப்பர்வைசர் வாடிக்கைக்காரராக வேஷம் போட்டுக்கொண்டு உட்காருவார்; புதிதாக வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்கு உபசாரம் செய்ய வேண்டும். ‘வாங்க, உட்காருங்க’ என்பதில் ஆரம்பித்து, தண்ணீர் வைப்பது, என்ன வேண்டுமென்று கேட்பது, கேட்டதைத் திரும்பச் சொல்லி ஊர்ஜிதம் செய்துகொள்வது, கொண்டுவந்து வைப்பது, இடையில் ஒருமுறை எட்டிப் பார்ப்பது, கடைசியில் பில் கொடுப்பது என்று ஏழெட்டுப் படிகள். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறதே என்று நினைக்கிறவர்கள், தமிழ் வாடிக்கைக்காரர் ஒருவர் காபி கேட்கும் விதத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ‘ரெண்டு காபி, ஒண்ணு ஸ்ட்ராங்கா, சக்கரை கம்மி, இன்னொண்ணு லைட்டா, சக்கரை இல்லாம, ஒரு பால், பாப்பாவுக்கு, ரொம்பச் சூடு வேண்டாம்’ என்று அவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். நெய் ரோஸ்ட் என்றால் முறுகலாக இருக்க வேண்டும் என்பதையும், சாம்பார் இட்லி வேறு, இட்லியும் சாம்பாரும் வேறு என்பதையும், ‘சட்னி தனியா’ என்றால் தோசைமேல் ஊற்றிவிடக் கூடாது என்பதையும் எந்த அகராதியும் புதிதாக வந்த பையனுக்குச் சொல்லித் தரப்போவதில்லை.

ஆகவே அநுபவமுள்ள பயிற்சியாளர்கள் இலக்கணத்தைத் தொடுவதில்லை. நூறு நூற்றைம்பது வாக்கியங்களை, எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்படுமோ அந்தச் சந்தர்ப்பத்தோடு சேர்த்தே பழக்குகிறார்கள். அவற்றுள் மிகுந்த பயன் தருவது, கேட்டதைத் திரும்பச் சொல்லும் பழக்கம். ‘ஒரு பொங்கல், ரெண்டு வடை, வடை சாம்பார்ல போட்டு, சரிங்களா?’ என்று திரும்பச் சொல்லிவிட்டால், தவறு அடுக்களைக்குப் போவதற்கு முன்பே மேஜையில் திருத்தப்பட்டுவிடும். பாஷை அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு இது ஒரு பெரிய கவசம். தம் பேச்சைச் சிரத்தையோடு கேட்கிறான் என்ற திருப்தி வாடிக்கைக்காரருக்கும் உண்டாகிறது.

வார்த்தைக்கு அடுத்தபடி சம்பிரதாயம் வருகிறது. நுனி இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும், பரிமாறுவது வலக்கையால், இலையில் சாதம் இருக்கும்போதே ரசம் வேண்டுமா என்று கேட்க வேண்டும், மோர் ஊற்றிய பிறகு குழம்பு வாளியோடு வந்து நிற்கக் கூடாது. நம் வீடுகளில் ‘போதுமா?’ என்று கேட்பது உபசாரமன்று. ‘இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?’ என்று கேட்பதே உபசாரம். கேட்ட பலகாரம் தீர்ந்துபோயிருந்தால் ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லாமல், ‘பூரி இப்பத்தான் முடிஞ்சுதுங்க, சூடா பொங்கல் இருக்கு, கொண்டுவரட்டுமா?’ என்று சொல்லப் பழக்குகிறார்கள். வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தை அடுத்து உடனே இனியவை கூறலை வைத்தார். சோற்றுக்கும் சொல்லுக்கும் நடுவே வேறு எந்த அறமும் புக இடமில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இவ்வளவும் நன்றாகவே நடக்கிறது. ஆயினும் பல வாடிக்கைக்காரர்கள் ஒரு குறை சொல்வதைக் கேட்கலாம். வெளிமாநிலப் பையன்கள் சுறுசுறுப்பானவர்கள், கைச்சுத்தம் உள்ளவர்கள், சிரித்த முகத்தினர். ஆனால் வயது பார்க்காமல் ‘நீ என்ன சாப்பிடுற?’ என்றும், ‘தள்ளு’ என்றும், ‘இந்தா, பிடி’ என்றும் ஒருமையில் பேசிவிடுகிறார்கள் என்பதே அந்தக் குறை. எழுபது வயதுப் பெரியவர் ஒருவரைப் பார்த்து இருபது வயதுப் பையன் ‘நீ’ என்றால் அவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். பாஷை தெரியாத பிள்ளை, போகட்டும் என்று சிலர் பொறுத்துக்கொள்கிறார்கள். சிலர் கல்லாவில் போய்ப் புகார் செய்துவிடுகிறார்கள்.

இதற்கு மூலகாரணத்தை ஆராய்ந்து பார்த்தால், குற்றம் வேறிடத்தில் இருப்பது புலப்படும். அந்தப் பையன் தமிழைப் புத்தகத்தில் படிக்கவில்லை. தன்னிடம் பேசப்பட்ட தமிழையே காதால் கேட்டுக் கிரகித்துக்கொண்டான். அவனிடம் மாஸ்டர் பேசியது ‘டேய், இங்க வா’; சூப்பர்வைசர் பேசியது ‘சீக்கிரம் போடா’; அறைக்கு வாடகை வாங்க வந்தவர் பேசியது ‘எப்ப தருவ?’; வாடிக்கைக்காரர்களிலும் பலர் பேசியது ‘ஏய், தண்ணி கொண்டா’. மரியாதைப் பன்மை என்று ஒன்று இந்தப் பாஷையில் இருக்கிறது என்பதே, அதைத் தன்மேல் பிரயோகிக்கக் கேட்டிராத காதுக்கு எப்படித் தெரியும்? எந்தத் தமிழை நாம் அவனுக்குக் கொடுத்தோமோ அதே தமிழை அவன் நமக்குத் திருப்பிக் கொடுக்கிறான். வகுப்பில் நூறுமுறை ‘நீங்க’ என்று சொல்லிப் பழக்கிவிட்டு, வகுப்பு முடிந்ததும் ‘போடா, போய் டேபிளைத் துடை’ என்று சொல்லும் சூப்பர்வைசர், தாம் நடத்திய பாடத்தைத் தாமே அழித்துவிடுகிறார்.

அவன் மரியாதை அறியாத தேசத்திலிருந்து வந்தவனும் அல்லன். ஹிந்தியில் தூ, தும், ஆப் என்றும், வங்காளியில் துய், துமி, ஆப்னி என்றும், ஒடியாவில் து, துமே, ஆபண என்றும் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு, அஸ்ஸாமியிலும் அவ்விதமே. நம்முடைய ‘நீ, நீங்கள்’ என்ற இரண்டு படிகளைக் காட்டிலும் நுட்பமான ஏற்பாடு அது. பெரியவரிடம் எதைச் சொல்ல வேண்டும், தோழனிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தன் தாய்மொழியில் ஒருபோதும் தவறு செய்யாதவன் அவன். கெட்டிக்காரப் பயிற்சியாளர் இதை உபயோகித்துக்கொள்வார். ‘உன் ஊரில் ஆப்னி என்று யாரைச் சொல்வாயோ, அவர்களை இங்கே நீங்கள் என்று சொல்’ என்ற ஒரே வாக்கியம், பத்து நாள் மனப்பாடத்துக்குச் சமமான வேலையைச் செய்துவிடும். கற்பவனிடம் ஏற்கெனவே இருக்கிற மரியாதையைக் கண்டுகொண்டு அதற்கு ஒரு தமிழ் வடிவம் கொடுப்பதே காரியம். இல்லாத மரியாதையைப் புதிதாக ஊட்டுகிறோம் என்ற நினைப்பில் ஆரம்பிக்கிற பயிற்சி முதலடியிலேயே சறுக்கிவிடுகிறது.

முகக்குறிப்பிலும் இதே மாதிரியான கோளாறுகள் உண்டு. வாடிக்கைக்காரரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த பயிற்சிப் புத்தகங்களின் பாலபாடம். கிராமத்தில் பெரியவர் முன்னால் தலை தாழ்த்தி நிற்பதே அடக்கம் என்று வளர்ந்த பையனுக்கு அது துணிச்சலாகவும் அவமரியாதையாகவும் தோன்றுகிறது. புரியாதபோது புன்னகை செய்துவிடுவது அவன் வழக்கம். வாடிக்கைக்காரரோ தம்மைக் கேலி செய்கிறான் என்று எண்ணிவிடுகிறார். ஆமென்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டும் விதம் வடக்கேயிருந்து வருகிறவர்களை முதல் மாதம் முழுவதும் குழப்புகிறது. ‘புரியலைங்க, இன்னொரு தடவை சொல்றீங்களா?’ என்று கூசாமல் கேட்கலாம், அதற்காக யாரும் வையமாட்டார்கள் என்ற தைரியத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டால், இந்தக் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

பயிற்சியில் மிகக் கடினமான பகுதி, கோபத்தோடு வரும் வாடிக்கைக்காரரைச் சமாளிப்பது. அவர் சொல்வதை முழுவதும் கேள், குறுக்கே பேசாதே, மன்னிப்புக் கேள், பரிகாரம் செய் என்று நான்கு படிகளாக இதைப் போதிக்கிறார்கள். முதல் மூன்றையும் யாரும் செய்துவிடலாம். நான்காவதற்கு அதிகாரம் வேண்டும். ஆறிப்போன தோசையை எடுத்துக்கொண்டு வேறு தோசை கொண்டுவர ஒரு சப்ளையருக்கு அதிகாரமில்லை என்றால், அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் அவன் மனத்தில் இருந்தால், எவ்வளவு இனிமையாக மன்னிப்புக் கேட்டாலும் அது வெறும் வாய்வார்த்தையாகவே நிற்கும். ரிட்ஸ்-கார்ல்டன் என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஹோட்டல் ஸ்தாபனம், விருந்தினரின் குறையைத் தீர்ப்பதற்கு மேலதிகாரியைக் கேளாமலே 2,000 டாலர் வரையில் செலவிடலாம் என்று தன் ஊழியர்களுக்கு அதிகாரம் அளித்திருந்தது. நம் ஊர் ஹோட்டல் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு தோசை, ஒரு காபி அளவுக்காவது பரிமாறுகிறவனை நம்பலாம்.

சிரித்த முகத்தையே விற்பனைப் பொருளாக்கும் இந்த வேலையைப் பற்றி முதன்முதலில் ஆழ்ந்து சிந்தித்தவர்களுள் ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியை முக்கியமானவர். விமானப் பணிப்பெண்களின் பயிற்சியையும் வேலையையும் கவனித்து அவர் 1983-இல் வெளியிட்ட ‘தி மேனேஜ்ட் ஹார்ட்’ என்ற நூலில், உடலுழைப்பு, மூளையுழைப்பு ஆகியவற்றைப் போல உணர்ச்சியுழைப்பு என்று ஒன்றும் உண்டு என்று எடுத்துக் காட்டினார். உள்ளே ஒன்று இருக்க முகத்தில் வேறொன்றைக் காட்டுவது ஒரு வகை. காட்ட வேண்டிய உணர்ச்சியை உள்ளத்திலேயே வரவழைத்துக்கொள்ள முயல்வது இன்னொரு வகை. இரண்டும் மனிதனைக் களைப்படையச் செய்யும் உழைப்புகளே என்பது அவருடைய முடிவு. வடகிழக்கிலிருந்து தென்னாட்டு நகரங்களின் ஹோட்டல்களுக்கும் அழகு நிலையங்களுக்கும் வேலைக்கு வந்த பழங்குடி இளைஞர்களைப் பற்றி டோலி கிகோன், பெங்க்ட் கார்ல்சன் என்ற இரு மானிடவியலார் 2019-இல் ‘லீவிங் தி லேண்ட்’ என்ற நூலை எழுதினார்கள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரவு போன் வந்தாலும், விடிந்ததும் முன்பின் தெரியாத ஒருவரின் முகத்துக்கு நேரே சிரித்தாக வேண்டிய அந்த உழைப்பை, நாம் சம்பளக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, மரியாதைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

உடம்பின் நிலைமையும் புன்னகையைத் தீர்மானிக்கிறது என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்து, பத்துப் பேர் படுக்கும் அறையில் முறைவைத்துத் தூங்கி எழுந்து வருகிறவனிடம் மலர்ந்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. கடைகளில் வேலை செய்வோர் உட்காருவதற்கு ஆசனம் அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அரசு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் அதற்கு முன்பே, 2018-இல், அவ்விதம் செய்துவிட்டது. சென்னை ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைகளில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் பட்ட பாட்டை 2010-இல் வெளிவந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் ஊரறியச் செய்திருந்தது. மாநிலத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்த, தமிழ் பேசத் தெரிந்த பிள்ளைகளின் கதியே அப்படி என்றால், பாஷை தெரியாதவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மென்திறன் வகுப்புக்குச் செலவிடும் முதலாளி, அதே பணத்தில் முதலில் நாலு முக்காலி வாங்கிப் போட்டால், பாடம் இன்னும் சுலபமாக மனத்தில் பதியும்.

பெண்களின் விஷயத்தில் வேறொரு பாடமும் சேர வேண்டும். அழகு நிலையங்களிலும் விடுதி வரவேற்பு மேஜைகளிலும் வேலை செய்யும் வடகிழக்குப் பெண்களின் புன்னகையைச் சிலர் தவறாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பணிந்து போ என்று மட்டும் கற்பித்துவிட்டு, எந்த இடத்தில் மறுத்து நிமிர வேண்டும் என்பதைக் கற்பிக்காமல் விட்டால் அது பயிற்சியல்ல, அநியாயம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. வாடிக்கைக்காரர் போன்ற வெளியாரால் நேரும் தொல்லையைத் தடுப்பதும் முதலாளியின் கடமையே. அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்படிப் புகார் செய்வது என்பதை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த பாஷையில் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மற்ற நாடுகள் இந்த விஷயத்தை எவ்விதம் கையாளுகின்றன என்று பார்ப்பதும் பிரயோஜனமானது. ஜப்பான் 2019 ஏப்ரலில் அயல்நாட்டுத் தொழிலாளருக்கென்று ஒரு புதிய விசா முறையை ஏற்படுத்தியது. அதன்கீழ் உணவு விடுதியில் வேலை செய்ய விரும்புகிறவர் ஜப்பானிய மொழிப் பரீட்சையோடு தொழிற்பரீட்சையிலும் தேற வேண்டும். அந்தத் தொழிற்பரீட்சையில் சுகாதாரம், சமையல் என்ற இரண்டோடு வாடிக்கைக்காரரை உபசரித்தல் என்பதும் தனிப் பாடமாக இருக்கிறது. பிலிப்பைன்ஸ் தேசம், வீட்டு வேலைக்காக அயல்நாடு செல்லும் தன் பெண்களுக்கு மொழியும் பண்பாடும் பற்றிய வகுப்பையும் தொழிற்சான்றிதழையும் 2006-இல் கட்டாயமாக்கியது. அதே சீர்திருத்தத்தில் 400 டாலர் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தையும் நிர்ணயித்து, வேலை வாங்கிக் கொடுக்க அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் விதித்தது. பயிற்சியும் சம்பளமும் பாதுகாப்பும் ஒரே சீர்திருத்தத்தில் சேர்ந்து வந்தன என்பது கவனிக்கத் தக்கது.

அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்துக் கேரளத்தையே பார்க்கலாம். அங்கே மாநில எழுத்தறிவு இயக்கம், வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் கற்பிப்பதற்காக ‘சங்ஙாதி’ என்ற திட்டத்தை 2017-இல் எர்ணாகுளம் மாவட்டத்துப் பெரும்பாவூரில் ஆரம்பித்தது. பிளைவுட் ஆலைகளில் வேலை செய்யும் வங்காளிகளும் அஸ்ஸாமியரும் நிறைந்த ஊர் அது. ‘ஹமாரி மலையாளம்’ என்று ஒரு பாடப்புத்தகமே அவர்களுக்காக எழுதப்பட்டது. முதலாளி தம் லாபத்துக்காகக் கற்பிக்கும் சில வாக்கியங்களுக்கும், ஓர் அரசாங்கம் ‘நீங்கள் எங்கள் ஊரில் வாழ வந்தவர்கள்’ என்ற எண்ணத்தோடு கற்பிக்கும் பாஷைக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது மேஜையருகில் மட்டும் உதவும். இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் போலீஸ் நிலையத்திலும் உதவும்.

பாஷை தெரியாமையின் ஆபத்தை 2023 மார்ச்சில் நாம் பிரத்தியட்சமாகவே கண்டோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, திருப்பூரிலும் பிற ஊர்களிலும் அச்சம் பிடித்துக்கொண்டது. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரிக்க நேர்ந்தது. தமிழ்நாட்டுப் போலீஸார் ஹிந்தியிலேயே பேசித் தைரியம் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘இது நிஜமா?’ என்று கேட்கத் தமிழ் தெரிந்திருந்தால், அல்லது கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பழகியிருந்தால், வதந்திக்கு அவ்வளவு வலிமை கிடைத்திராது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு முதலாளிமார் ஒரு நியாயமான ஆட்சேபத்தை எழுப்புவார்கள். ‘மூன்று மாதம் கற்றுக்கொடுத்துத் தயார் செய்கிறோம், ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் எதிர்த்த கடைக்குப் போய்விடுகிறான், அல்லது பூஜைக்கு ஊருக்குப் போனவன் திரும்புவதில்லை’ என்பது அவர்கள் முறையீடு. உண்மைதான். ஆனால் கற்றுக்கொண்ட வேலைக்கு ஏற்பச் சம்பளமும் பதவியும் உயர்ந்தால் போகிறவர்கள் குறைவார்கள் என்பதும் உண்மையே. கிளீனராகச் சேர்ந்தவன் சப்ளையராகி, சப்ளையர் கேப்டனாகி, கேப்டன் சூப்பர்வைசராகும் படிக்கட்டு அவனுக்கும் திறந்திருக்கிறது என்று காட்டும் கடைகளில் ஆட்கள் நிலைக்கிறார்கள். அப்படி உயர்ந்த ஒருவன், தன் ஊரிலிருந்து அடுத்து வருகிறவனுக்குத் தன் பாஷையிலேயே உபசாரத்தைக் கற்பிப்பான். அவனைவிடச் சிறந்த பயிற்சியாளர் கிடைக்கமாட்டார்.

நமக்கும் இந்த அநுபவம் புதிதன்று. நம்மவர் துபாய் ஹோட்டல்களிலும் சிங்கப்பூர்க் கடைகளிலும் பிறர் பாஷையில், பிறர் சம்பிரதாயப்படி, பிறரை உபசரித்துத்தான் குடும்பத்தைக் காப்பாற்றிவருகிறார்கள். அவர்களை அனுப்பிவைப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றையும் ஏற்படுத்தியிருக்கிறது. அங்கே நம் பிள்ளையை யாராவது ‘ஏய்’ என்று அழைத்தால் நமக்கு என்ன தோன்றுமோ, அதுவே இங்கே வந்திருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் தோன்றும்.

ஆகவே செய்ய வேண்டியவை வெளிப்படையானவை. பயிற்சி வகுப்பு தூக்கத்தைப் பறித்து நடக்காமல் சம்பளம் பெறும் வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும். முதல் வாரப் பாடம் புதிதாக வந்தவனுக்கல்ல, அவனிடம் வேலை வாங்கும் மாஸ்டருக்கும் சூப்பர்வைசருக்கும் நடக்க வேண்டும். அடுக்களையிலும் ‘வாங்க, போங்க’ என்ற தமிழே புழங்க வேண்டும். கேரளத்தைப் போல நம் அரசாங்கமும் ஊர்தோறும் ஓர் எளிய தமிழ் வகுப்பைத் திறக்க வேண்டும். வாசகர்களாகிய நம்முடைய பங்கு இவற்றைக் காட்டிலும் சுலபமானது. மேஜைக்கு வருகிற இளைஞரை ‘பையா’ என்றும் ‘ஹிந்தி’ என்றும் கூப்பிடாமல், ‘தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்க’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். எந்தப் பயிற்சி நிலையத்திலும் கிடைக்காத ஒரு தமிழ்ப்பாடத்தை அவருக்கு நீங்கள் கொடுத்தவராவீர்கள். அடுத்த மேஜைக்குப் போகும்போது அதை அவர் நிச்சயம் உபயோகிப்பார்.